12 நியமன உறுப்பினர்கள் இருந்தும் ஃபிலிம்ஸ் டிவிஷன் எப்படிக் கரைந்தது? (விவாத இழை)

கேள்வி | ஆகஸ்ட் 2, 2025

தேசியத் திரைப்பட விருதுகள் நேற்று வந்தன. பழைய அறிவிப்புகளில் எல்லாம் ‘திரைப்பட விழாக்கள் இயக்குநரகம்’ என்ற பெயர் இருக்கும். இப்போது அது இல்லை. அதுவும், அரசுக்காக ஆவணப்படம் எடுத்த ஃபிலிம்ஸ் டிவிஷன், பழைய படங்களைக் காக்கும் புனே ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம் எல்லாமே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.க்குள் போய்விட்டதாம். மாநிலங்களவையில் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவைக்கென்று 12 பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, ஒருவர்கூடத் தடுக்கவில்லையா? என் வாதம் இதுதான்: நியமன இடத்தை 12லிருந்து 50 ஆக்கி, முழுக்கக் கலைஞர்களை உட்கார வையுங்கள். மேலவையும் திருந்தும், பண்பாட்டு நிறுவனங்களும் பிழைக்கும்.

குறிப்பு 1 | ஆகஸ்ட் 2, இரவு

அந்த 12 பேரைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் மேசைக்கு ஒரு காகிதமும் வரவில்லை. 2020 டிசம்பர் 23ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2022 மார்ச் 30ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஆணை போட்டது. அவ்வளவுதான். மசோதா இல்லை, அதனால் வாக்கெடுப்பும் இல்லை.

ஏன் மசோதா வேண்டியிருக்கவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு நிறுவனம் எப்படிப் பிறந்ததோ அப்படித்தான் சாகும். அரசாணையில் பிறந்ததை இன்னொரு அரசாணையே கலைத்துவிடலாம். பதிவுச் சங்கமாகப் பிறந்தால் உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும். நாடாளுமன்றச் சட்டத்தில் பிறந்தால் இரண்டு அவையும் தாண்டியாக வேண்டும்.

இப்போது நால்வரையும் பாருங்கள். ஃபிலிம்ஸ் டிவிஷன் (1948, மும்பை), தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் (1964, புனே), விழாக்கள் இயக்குநரகம் (1973, டெல்லி) மூன்றும் அமைச்சகத்தின் கீழிருந்த அலுவலகங்கள். சட்டத்தின் கண்ணில் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு நாற்காலியை நகர்த்துவது போலத்தான். குழந்தைகள் திரைப்படச் சங்கம் (1955) மட்டும் பதிவு பெற்ற சங்கம். இவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த என்.எஃப்.டி.சி.யோ அரசுக்குச் சொந்தமான கம்பெனி.

இந்தக் கம்பெனியே ஓர் இணைப்பில் வந்ததுதான். 1960ல் தொடங்கிய திரைப்பட நிதிக் கழகத்தையும், இந்தியப் படங்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த கழகத்தையும் 1980ல் இதற்குள் சேர்த்தார்கள். ஏற்கெனவே இரண்டு மருமகள் வந்த வீடு, இப்போது நால்வர்.

குறிப்பு 2 | ஆகஸ்ட் 3, காலை

50 கணக்குக்கு வருகிறேன். நேற்றே தொட்டிருக்க வேண்டும்.

அரசியல் சாசனப் பிரிவு 80: நியமனம் 12, மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் சேர்ந்து அதிகபட்சம் 238, ஆக உச்சவரம்பு 250. இப்போது நடப்பில் இருப்பது 233 + 12 = 245. உச்சவரம்பை அப்படியே வைத்து நியமனத்தை 50 ஆக்கினால் மாநிலங்களுக்கு மிஞ்சுவது 200. இன்று 233ல் தமிழ்நாட்டுக்கு 18. அதே விகிதத்தில் 200ல் 15, 16. இரண்டு மூன்று இடம் போச்சு. யாருக்குப் போச்சு? நியமனப் பட்டியலில் கையெழுத்து குடியரசுத் தலைவருடையது, பெயர்கள் அமைச்சரவையுடையவை. பிரிவு 74 அதைத்தான் சொல்கிறது. அவையில் ஐந்தில் ஒரு பங்கை ஆளும் தரப்பிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதே அவை அந்தத் தரப்பின் இணைப்பு முடிவைத் தடுக்கும் என்று காத்திருக்க முடியுமா?

இன்னொன்று. கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, நியமன உறுப்பினர் இருக்கையில் அமர்ந்த ஆறு மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளலாம், பதவி போகாது. ஆறு மாதம் கழிந்து சேர்ந்தால்தான் போகும். கலைஞராக உள்ளே வந்து கொறடா பேச்சுக்குக் கட்டுப்பட்டவராக மாறுவதற்குச் சட்டமே ஜன்னல் திறந்து வைத்திருக்கிறது. மேலவைச் சீர்திருத்தம் என்று பேசினால் முதலில் சாத்த வேண்டியது அந்த ஜன்னலை.

12ஐ 50 ஆக்குவதும் லேசில்லை. இரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு. 245 பேரும் வந்தால் மாநிலங்களவையில் 164. மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைத் தொடுவதால் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். தங்கள் இடத்தைத் தாங்களே வெட்டிக்கொள்ளும் தீர்மானத்துக்கு எந்தச் சட்டமன்றம் கை தூக்கும்?

குறிப்பு 3 | ஆகஸ்ட் 3, மதியம்

“அப்படியானால் நியமனமே தண்டமா?” என்று கீழே கேட்டிருக்கிறார்கள். இல்லை. 1952ல் முதல் அணியிலேயே ருக்மிணி தேவி அருண்டேல் இருந்தார். விலங்கு வதைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் பின்னால் அரசே கொண்டுவந்த 1960 சட்டத்துக்கு வித்து. அவர் 1936ல் தொடங்கிய கலாக்ஷேத்திரா இன்று 1993ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தில் நிற்கிறது. அதை இன்னொன்றோடு இணைக்க வேண்டுமென்றால் மசோதா கொண்டுவந்தே தீர வேண்டும். கலாக்ஷேத்திராவின் திருவான்மியூர் வளாகத்துக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு புனே ஆவணக் காப்பகத்துக்கு இல்லை. நான் சொல்ல வந்தது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

குறிப்பு 4 | ஆகஸ்ட் 5

சங்கச் சட்டம் தெரிந்த ஒருவர் குட்டு வைத்திருக்கிறார், சரியான குட்டு. “உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும்” என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன்.

1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம், பிரிவு 12. நிர்வாகக் குழு இணைப்பு யோசனையை எழுத்தில் தயாரித்து, சிறப்புக் கூட்டத்துக்கு 10 நாள் முன்னதாக ஒவ்வொரு உறுப்பினர் கைக்கும் சேர்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஒரு மாதம் இடைவெளி விட்டு இரண்டாவது சிறப்புக் கூட்டம், அங்கேயும் வந்தவர்களில் ஐந்தில் மூன்று. இதில் பலர் கவனிக்காத சொல், ‘இன்னொரு சங்கத்துடன்’ என்பது. பிரிவு 12ஐ வைத்துச் சங்கத்தோடு சங்கத்தைத்தான் இணைக்க முடியும், கம்பெனியோடு முடியாது. கம்பெனிக்குள் போக வேண்டுமானால் பணியை ஒப்படைத்துவிட்டு, சங்கத்தைப் பிரிவு 13ன் கீழ் கலைக்க வேண்டும். அதற்கும் ஐந்தில் மூன்று. அரசு உறுப்பினராகவோ நிதி தருபவராகவோ இருந்தால் அரசின் சம்மதமும் சேரும். கடன் தீர்த்து மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது என்று பிரிவு 14 தடுக்கிறது.

2022 ஆணையும் வார்த்தையை எண்ணித்தான் போட்டிருக்கிறது. படம் எடுப்பது, விழா நடத்துவது, பாதுகாப்பது என்ற ‘பணிகள்’ என்.எஃப்.டி.சி.க்கு, சொத்துகளின் உரிமை இந்திய அரசிடமே. 2026 வரைக்கும் ரூ.1,304.52 கோடி ஒதுக்கீடு. நாம்தான் பேச்சுவழக்கில் ‘இணைப்பு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சாகித்ய, சங்கீத நாடக, லலித் கலா அகாதெமிகள் மூன்றும் இதே 1860 சட்டச் சங்கங்கள்தான். மூன்றையும் ஒன்றாக்கும் பேச்சு என்றைக்காவது வந்தால் முதலில் புரட்ட வேண்டியது பொதுக்குழு உறுப்பினர் பட்டியலை. அதில் அரசு நியமித்தவர்கள் எத்தனை, மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் அனுப்பியவர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஐந்தில் மூன்று யார் பையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குறிப்பு 5 | ஆகஸ்ட் 6

சின்ன ஓரம். “இணைத்தால் செலவு மிச்சம், படச்சுருள் வைக்கும் குளிர் அறை இரண்டுக்கு ஒன்று போதுமே” என்று ஒருவர். குளிர் அறையில் என்ன நடக்கிறது என்று நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இன்று மின்சாரம் ஒத்துழைக்கவில்லை.

குறிப்பு 6 | ஆகஸ்ட் 7

35 மி.மீ. படச்சுருள், அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம். 1,000 அடி டப்பா ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம். 15,000 அடித் தமிழ்ப் படம் என்றால் 2 மணி 47 நிமிடம், 15 டப்பா. ஒலி நெகட்டிவ் தனி டப்பாக்களில் இருக்கும், அது வேறு கணக்கு.

1950களின் தொடக்கம் வரை சுருள் நைட்ரேட்டில் வந்தது. பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணையாது, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 2003 ஜனவரியில் புனேவில் நைட்ரேட் கிடங்கு எரிந்தது, மௌனப்படக் காலத்துச் சுருள்கள் அதோடு போயின. அடுத்து வந்தது அசிட்டேட். இது எளிதில் பற்றாது, ஆனால் அழுகும். டப்பா மூடியைத் திருகினால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி வினிகர் நெடி மூக்கில் ஏறும். அது அசிட்டிக் அமிலம். அந்த ஆவியே மிச்சச் சுருளையும் அரிக்கும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். மூக்கை மட்டும் நம்பக்கூடாது. சாயம் தோய்த்த நீலச் சோதனைத் தாளை டப்பாவுக்குள் போட்டு மூடி, 24 மணி நேரம் கழித்து (குளிர் அறை என்றால் இன்னும் பல நாள்) எடுத்துப் பார்க்க வேண்டும். நீலம் பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போகும். 0 முதல் 3 வரை அளவு. 1.5ஐத் தொட்டால் அழுகல் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது என்று பொருள், உடனே பிரித்து வைத்து ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

வண்ண நெகட்டிவுக்கு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 விழுக்காட்டை ஒட்டி. அங்கிருந்து எடுத்த டப்பாவை நேரே மேசையில் வைத்துத் திறக்கக்கூடாது. இடைநிலை அறையில் ஒரு நாள் உட்கார வைக்காவிட்டால் சுருள்மேல் பனித்துளி கோத்துக்கொண்டு படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பூச்சு ஒட்டிக்கொள்ளும்.

இணைப்பு எங்கே சொதப்பும் என்றால், பட்டியலில். ஃபிலிம்ஸ் டிவிஷன் பதிவேட்டில் ஒரு ஆவணப்படம், புனே பதிவேட்டிலும் அதே பெயர். கணினியில் இரண்டையும் கொட்டியவுடன் ‘இரட்டைப் பதிவு’ என்று சிவப்பு விழும். செலவு குறைக்க வந்தவர் ஒன்றை நீக்கச் சொல்வார். ஆனால் ஒன்று மூல நெகட்டிவ், இன்னொன்று தியேட்டரில் ஓடிக் கீறல் விழுந்த பிரதி. அல்லது ஒன்று இந்தி ஒலி, மற்றது தமிழ் ஒலி. ஃபிலிம்ஸ் டிவிஷன் ஒரே படத்தைப் பல மொழிக் குரலில் வெளியிட்ட நிறுவனம், பெயர் ஒன்றாக இருப்பதில் அதிசயமே இல்லை. டப்பாவைத் திறந்து, சுருளின் விளிம்பில் அச்சான எண், துளை வகை, சுருங்கிய அளவு, ஒலித்தடம் எல்லாம் பார்க்காமல் ‘இரட்டை’ என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கக்கூடாது. இரண்டு கிடங்கு இரண்டு ஊரில் இருப்பது வீண்செலவு என்று யாராவது சொன்னால் 2003ஐ நினைவூட்டுங்கள்.

“ஸ்கேன் பண்ணிவிட்டால் தீர்ந்தது” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 4கே ஸ்கேனில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 51 மெகாபைட். 15,000 அடிக்கு 2,40,000 ஃபிரேம், அதாவது 12.2 டெராபைட். கணினித் தரவைச் சேமிக்கும் எல்.டி.ஓ.-8 காந்த நாடா ஒன்றின் கொள்ளளவு 12 டெராபைட். ஒரே படம், கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதிலும் குறைந்தது இரண்டு பிரதி வேண்டும், நாடாவின் தலைமுறை மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் புது நாடாவுக்கு மாற்ற வேண்டும். வருஷா வருஷம் வரும் செலவு இது. லாப நட்டக் கணக்குப் போடும் கம்பெனிப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதினாலும் இது நட்டம்தான். ஆவணக் காப்பகத்தைக் கம்பெனிக்குள் வைப்பதில் எனக்குள்ள மனத்தாங்கலின் வேர் இங்கே இருக்கிறது.

குறிப்பு 7 | ஆகஸ்ட் 8

நேற்று எழுதியதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தில் சீரமைப்பு வேலைக்கு ரூ.363 கோடி, 2,200 படம் என்று 2022 மே மாதம் அறிவித்தது இந்த இணைப்புக்குப் பிறகுதான். தனி அலுவலகமாகக் கிடந்த காலத்தில் காப்பகம் பணத்தில் புரண்டது என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர் காலத்தில் அது ஓடியது ஆள் பலத்தில், சட்ட பலத்தில் இல்லை. என் குறை திட்டப் பணத்தைப் பற்றியது. திட்டம் ஒரு தேதியில் முடியும். அமிலம் தேதி பார்க்காது.

கேட்டவர் மறுபடி | ஆகஸ்ட் 9

சரி, 50ஐ வாபஸ் வாங்குகிறேன். அப்படியானால் ஆவணக் காப்பகத்தை ஒரு நாடாளுமன்றச் சட்டத்தில் எழுதிவிட்டால் தீர்ந்ததுதானே? மாநிலங்களவை காவல் காக்கும்.

குறிப்பு 8 | ஆகஸ்ட் 10

குறிப்பு 1ல் நான் அடித்துச் சொன்னதில் ஓட்டை இருக்கிறது. நீங்கள் கேட்டதும்தான் உறைத்தது.

பதிப்புரிமை வாரியம் சட்டத்தில் பிறந்தது. பாட்டுக்கு ரேடியோ எவ்வளவு ராயல்டி தரணும் என்பது மாதிரி வழக்கெல்லாம் அப்போது அங்கேதான். 2017 நிதிச் சட்டம் அதை அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தோடு இணைத்தது. அதே சட்டம் இன்னும் பல தீர்ப்பாயங்களையும் இழுத்துப் போட்டு இணைத்தது. நிதிச் சட்டம் என்றால் பண மசோதா. பண மசோதாவில் மாநிலங்களவை செய்யக்கூடியது 14 நாளுக்குள் சிபாரிசு சொல்வது மட்டும். 2017 மார்ச் 29ல் அவை ஐந்து திருத்தம் சொன்னது. மறுநாள் மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட தீர்ப்பாய விதிகளை ரத்து செய்தது, எது பண மசோதா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம். இணைத்து வைத்த அந்த மேல்முறையீட்டு வாரியமும் போனது, தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் போனது. ஒளிப்பதிவுச் சட்டத்தில் தனிப் பிரிவாக இருந்ததுதான் அந்தத் தீர்ப்பாயம். பின்னர் ஆகஸ்டில் இரண்டு அவையும் சட்டமாக்கின. இன்று தணிக்கைச் சான்றிதழில் தகராறு என்றால் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றத்துக்குத்தான் ஓட வேண்டும். ரிலீஸ் தேதி போட்டுப் போஸ்டர் ஒட்டிய பிறகு.

ஆக என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். சட்டத்தில் பிறந்ததைக் கலைக்க அவைக்கு வந்தாக வேண்டும், ஆனால் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பண மசோதா வாசலில் மேலவைக்கு வெறும் வாய்தான். அந்த முத்திரை குத்துவது மக்களவைத் தலைவர். அவர் சான்றை மூன்று பேர் குழுவாக, ஒருவர் மாநிலங்களவையிலிருந்து, பார்க்க வேண்டும் என்று மாற்றினாலே மேலவைச் சீர்திருத்தத்தில் பாதி முடிந்த மாதிரி. கலைஞர் ஒதுக்கீட்டைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

குறிப்பு 9 | ஆகஸ்ட் 11

தடம் மாறுகிறது, பரவாயில்லை. “நியமனம் வேண்டாம், தேர்ந்தெடுத்தவர்களே போதும்” என்றவருக்கு, தேர்ந்தெடுப்பதும் எவ்வளவு மெல்லிய கயிறு என்று காட்டுகிறேன்.

மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு 100. தமிழ்நாட்டில் 234 பேர், ஒரு சுற்றுக்கு ஆறு இடம். 23,400ஐ, இடத்தைவிட ஒன்று கூட்டி, 7ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு 1 கூட்டினால் 3,343. அதாவது முதல் விருப்பு வாக்கு 34 இருந்தால் உள்ளே. அதனால்தான் பெரும்பாலும் போட்டியே இருப்பதில்லை, இந்த ஜூனில் ஆறு பேரும் போட்டியின்றி வந்தார்கள். கமல்ஹாசன் அந்த வழியில் வந்தவர், நியமன உறுப்பினர் இல்லை. நேற்று ஒருவர் குழப்பிவிட்டார். நியமனம் இளையராஜா, 2022ல்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு இந்த வாக்கு ரகசியமில்லை. குறித்த சீட்டைத் தன் கட்சியின் அதிகாரபூர்வ முகவரிடம் காட்ட வேண்டும், வேறு யாரிடமும் காட்டக்கூடாது. 2017ல் குஜராத்தில் இரண்டு பேர் வேறு ஆளிடமும் காட்டியதால் அவர்கள் வாக்கு செல்லாது என்று ஆனது. 176 வாக்குக்கு மூன்று இடம், வேண்டியது 4,401, அதாவது 45 பேர். 174 ஆனவுடன் 4,351, அதாவது 44. காங்கிரசின் அகமது படேலுக்கு விழுந்தது சரியாக 44. ஹரியானாவில் 2016ல் பேனா தகராறு. அதிகாரி கொடுத்ததை விட்டு வேறு மையில் குறித்த வாக்குகள் செல்லாமல் போய் முடிவே புரண்டது. இப்போது தேர்தல் ஆணையம் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவை அதுவே கொடுக்கிறது.

அதே 2003 திருத்தம் இன்னொன்றும் செய்தது. வேட்பாளர் அந்த மாநில வாக்காளராக இருக்க வேண்டும் என்பதை எடுத்து, இந்தியாவில் எங்காவது வாக்காளராக இருந்தால் போதும் என்றாக்கியது. 2006ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. இதைத் திருப்ப அரசியல் சாசனத்தைத் தொடவே வேண்டாம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு வரி. அரசியல் சாசனத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம் 2002லேயே வசிப்பிட விதி இருக்கட்டும் என்றுதான் சொன்னது.

குறிப்பு 10 | ஆகஸ்ட் 13

“தமிழ்நாட்டு மேலவையைப் பற்றி ஏன் பேசவில்லை?” பேசலாம், இதே பிறப்பு இறப்புக் கணக்குதான். பிரிவு 169: மேலவையை உண்டாக்கவோ ஒழிக்கவோ சட்டமன்றம் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வாக்களித்தவரில் மூன்றில் இரண்டும் சேர்ந்த தீர்மானம் போட வேண்டும், பிறகு நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் போட்டால் போதும். அது அரசியல் சாசனத் திருத்தமாகவே எண்ணப்படாது. 1986 மே 14ல் ஒழிக்கத் தீர்மானம், நவம்பர் 1ல் அவை இல்லை. கடைசித் தலைவர் ம.பொ.சி. 2010ல் திரும்பக் கொண்டுவரச் சட்டமே வந்தது: 78 இடம், அதில் எம்.எல்.ஏ.க்கள் 26, உள்ளாட்சி 26, பட்டதாரி 7, ஆசிரியர் 7, நியமனம் 12. ஆட்சி மாறியது, 2011 ஜூனில் வேண்டாம் என்று தீர்மானம். சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, கட்டடத்தில் இல்லை.

குறிப்பு 11 | ஆகஸ்ட் 14

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ல் அதைத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கும் யோசனை வெளியே வந்தவுடன் கட்சி பேதமில்லாமல் எதிர்ப்பு. நின்றது. 2022 ஜனவரியில் பெரும்பாக்கத்தில் ரூ.24 கோடியில் புதுக் கட்டடமும் வந்தது. அங்கே காப்பாற்றியது சட்டமில்லை, கூச்சல். புனே காப்பகத்துக்கும் திரைத் துறையினர் கையெழுத்திட்ட திறந்த கடிதம் 2021 டிசம்பரில் போனது, நிற்கவில்லை. கூச்சல் போட ஒரு மாநிலம் பின்னால் இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. மாநிலங்களின் அவை என்று பெயர் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

குறிப்பு 12 | ஆகஸ்ட் 16

உருப்படியாக ஒன்று. ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்கள் அரசுப் படைப்புகள். பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. அதாவது 1964 வரை வெளியானவற்றுக்கு உரிமைக் காலம் 2024 கடைசியோடு முடிந்தது. யாரும் பயன்படுத்தலாம். ஆனால் உரிமை தீர்ந்ததால் பிரதி இலவசமாகக் கையில் வந்துவிடாது, ஸ்கேன் கட்டணம் வேறு விஷயம். புனேவில் இருக்கும் தனியார் படங்களுக்கு இது பொருந்தாது. அங்கே இருப்பது சுருள், உரிமை தயாரிப்பாளரிடம் அல்லது அவரிடமிருந்து வாங்கியவரிடம். என்.எஃப்.டி.சி. தானே எடுத்தவை மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே இணையதளத்தில் போட்டதும் எல்லாம் ஒரே உரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பட்டியல் நிலைமை தெரிய வேண்டுமானால் தகவல் உரிமை மனு போடலாம், கம்பெனியாக இருந்தாலும் அரசுடையதுதான். ரூ.10, 30 நாள். “எத்தனை படம் இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், பொத்தாம்பொதுவாக ஒரு எண் வரும். சேர்க்கைப் பதிவேட்டில் 2022 மார்ச் 30க்கு முன் இருந்த டப்பாக்கள், அதற்குப் பின் நீக்கியவை, நீக்கச் சொன்ன ஆணையின் நகல் என்று கேளுங்கள்.

கேட்டவர் | ஆகஸ்ட் 20

கடைசியாக ஒன்று. சட்டமாக எழுதுவதென்றால் யார், எப்படி?

குறிப்பு 13 | ஆகஸ்ட் 22

அமைச்சரல்லாத எந்த உறுப்பினரும் தனிநபர் மசோதா கொடுக்கலாம், நியமன உறுப்பினரும்தான். ஒரு மாத முன்னறிவிப்பு. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் இதற்கென்று. அரசுப் பணம் செலவாகும் மசோதா என்பதால் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும், பல மசோதா அங்கேயே படுத்துவிடும். 1970க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. ஆனால் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24ல் மாநிலங்களவையில் நிறைவேறியது, அது மக்களவையைத் தாண்டாவிட்டாலும் அரசு தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ருக்மிணி தேவி கதையும் அதுதான்.

மசோதாவில் எனக்கு மூன்று வரி போதும். காப்பகம் தனிச் சட்டபூர்வ அமைப்பு. மூல நெகட்டிவை நீக்கும் ஆணை எதுவானாலும் இரு அவையின் மேசையிலும் வைக்கப்பட்ட பிறகே செல்லும். மூன்றாவது, கட்டாய ஒப்படைப்பு. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் 30 நாளுக்குள் கன்னிமாராவுக்கும் கொல்கத்தா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். படத்தைக் காப்பகத்துக்குத் தர அப்படி ஒரு சட்டம் இல்லை. தணிக்கைச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே ஒரு பிரதி என்று எழுதினால் தனியாக ஆள் அனுப்பித் தேட வேண்டியதில்லை.

இதற்கு 50 பேர் வேண்டாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஊருக்குக் கிளம்பாத ஒருவர் போதும். மழைக்காலக் கூட்டத்தொடர் நேற்றோடு முடிந்தது, இனி குளிர்காலத்தில்தான்.